லாரி மலைப்பக்கம் திரும்பியது

ஊரில் அவரை மார்க்கெட் என்றுதான் சொல்வார்கள். வயதில் சின்னவர்களுக்கு மார்க்கெட் அண்ணன். பிள்ளைகளுக்கு மார்க்கெட் மாமா. சொந்தப் பெயர் ஓட்டுநர் உரிமத்தில் இருந்தது. அதைக் கேட்கிற போலீஸ்காரர்களும் இப்போது சிரித்துப் பேசிப் பழகிவிட்டார்கள். விடிவதற்கு முன்பே ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நகரத்துக்குப் போவார். அங்கே மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்துக்குக் கடைத்தெரு முனையில் வந்து நிற்பார். ஹாரன் சத்தம் கேட்டால்தான் ஊருக்கு அடுப்பு ஞாபகம் வரும்.

இளவயதில் கோழித்தீவன ஆலையில் மூட்டை தூக்கியவர். முதுகு போய்விடுவதற்குள் வேறு வழி பார்க்க வேண்டும் என்று வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, யாரோ கழித்துப் போட்ட லாரி ஒன்றை வாங்கி, தட்டிக்கொட்டி ஓட வைத்தார். அதற்குப் பிறகு ஊருக்கே அவர் கைதான் நல்ல கை என்று ஆகிவிட்டது. மளிகைக்கடைக்காரருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தால் சொல்லாமலே பாகற்காய் வரும். யார் வீட்டிலாவது மூக்குக்கண்ணாடி உடைந்தால், மிக்ஸி ஜார் பழுதானால், அதுவும் தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் நகரத்துக்குப் போய் சரியாகித் திரும்பும். "நான் இல்லேன்னா நீங்கள்லாம் வெறும் சோத்தைத்தான் சாப்பிடணும்" என்று சிரிப்பார். யாரும் மறுத்துப் பேசியதில்லை. அது உண்மைதானே.

ஊரைச் சுற்றி எங்கு பார்த்தாலும் பச்சைதான். ஆனால் அத்தனையும் மக்காச்சோளம், அத்தனையும் ஆலைக்கு. விதைக்கிற நாளிலேயே ஆலை ஏஜெண்ட் வந்து பேசி முடித்துவிடுவார். அறுக்கிற நாளில் ஆலை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். வீட்டுக்குப் பின்னால் நான்கு மிளகாய்ச் செடி வைக்கிற வழக்கம்கூட எப்போதோ நின்றுபோயிருந்தது. லாரிதான் வருகிறதே.

ஒரு மழைக்காலத்தில் பாலத்தின் நடுத்தூண் சாய்ந்தது. அப்போது அவர் பாலத்துக்கு நகரத்துப் பக்கம், முழு லோடோடு நின்றுகொண்டிருந்தார். ஆறு மண்ணைக் கரைத்துக்கொண்டு பழுப்பாக ஓடியது. அக்கரையில் ஊரின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, போகத்தான் வழியில்லை.

மறுநாள் மனைவி போன் செய்தாள். "ஏங்க, சாப்டீங்களா?"

"லாரி நிறையச் சாப்பாட்டை வச்சுக்கிட்டுப் பட்டினியா கிடப்பேன்? அங்க நீ என்ன பண்றே?"

"அரிசி இருக்கு, உப்பு இருக்கு. வெங்காயம் நேத்தோட சரி. தம்பி வயல்ல சோளம் ஆளுயரம் நிக்குதேன்னு பறிச்சுட்டு வந்து அவிச்சேன். வெந்தே தொலைய மாட்டேங்குது. கல்லுதான்."

"அது கோழிக்குப் போட்டதும்மா. மனுஷன் பல்லுக்கு ஆகாது."

அவள் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "சுகாதார நிலையத்துல பிள்ளை பெத்தவங்க ரெண்டு பேர் படுத்திருக்காங்க. நர்சம்மா வீடு வீடா வந்து கீரை இருக்கா, ஒரு காய் இருக்கான்னு கேட்டுட்டுப் போறாங்க. இவ்வளவு வயலைச் சுத்தி வச்சுக்கிட்டு இல்லேன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சுங்க" என்றாள்.

அவரிடம் இருந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்தது. தக்காளிக் கூடைகளின் அடியிலிருந்து தண்ணீர் கசிய ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த நாலைந்து வீடுகளுக்கு அள்ளிக் கொடுத்தார். அவர்களும் எவ்வளவுதான் வாங்குவார்கள்? கடைசியில் மிச்சத்தைக் கரையோரப் பள்ளத்தில் தானே கொட்டினார். ஒரு காயை வீணாக்கினதில்லை என்று டீக்கடையில் பெருமை பேசுகிற மனிதர். கொட்டி முடித்துவிட்டு லாரி நிழலில் உட்கார்ந்தவருக்கு, கை கழுவக்கூடத் தோன்றவில்லை.

தற்காலிக இரும்புப் பாலம் போட்ட பிறகு, புது லோடோடு ஊருக்குள் நுழைந்தபோது மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரிதான் இருந்தது. ஆட்கள் லாரியோடு கூடவே ஓடிவந்தார்கள். மளிகைக்கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம் என்று நர்சம்மா சொல்லியனுப்பியபோது, தன்னை மெச்சிப் பேசத்தான் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

நர்சம்மா பேசினார். அதன் பிறகு எழுந்தது, அவருடைய மனைவி.

"நம்மகிட்ட மண்ணு இருக்கு, தண்ணி இருக்கு, கையும் இருக்கு" என்றாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. "ஆனா பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு லாரி நின்னுபோனா, இங்க உலை கொதிக்குது, உள்ள போட ஒண்ணும் இல்ல. அது எங்க வீட்டு லாரி. அதனாலதான் நானே சொல்றேன். ஆளுக்குக் கொஞ்சம் சோளத்தைக் குறைச்சுட்டு நமக்கு வேண்டியதைப் போடுவோம். பூட்டிக் கிடக்குற பழைய கிடங்கைத் திறந்து அங்கயே வாங்குவோம், விப்போம்."

எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பெஞ்சில் கடைசி ஆளாக உட்கார்ந்திருந்தவருக்குக் காது இரண்டும் சுட்டது. முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, கூட்டம் முடிகிறவரை அப்படியே இருந்தார்.

வீட்டு வாசலைத் தாண்டியதும் சிரிப்பு கழன்றது.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட இந்த ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?"

"உங்க பொழப்பைப் பத்தி யாரு பேசினா? ஊர் வயித்தைப் பத்திப் பேசினோம்."

"அந்த வயித்துக்கு இத்தனை வருஷமா கொண்டுவந்து கொட்டினது யாரு?"

"நீங்கதான். யாரு இல்லேன்னது? ஆனா ஆத்துக்கு அந்தப் பக்கம் நின்னப்ப உங்களால என்ன பண்ண முடிஞ்சது?"

அவர் பாயை உதறிப் போட்டுப் படுத்தார். கோபம் இன்னும் கூடியது. "செய்யுங்க, செய்யுங்க. செஞ்சு பாத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

செய்தார்கள். கிடங்கைத் துடைத்துச் சுண்ணாம்பு அடித்தார்கள். அவருடைய மனைவிதான் பொறுப்பு. மனைவியின் தம்பி வாய்க்காலோர நிலத்தை விட்டுக்கொடுத்தான். நல்ல உழைப்பாளி, ஆனால் யார் எதைச் சொன்னாலும் சரி என்று தலையாட்டிவிடுகிற ஆள். அவன் போட்ட கத்தரி நாற்றுதான் முதலில் தலைதூக்கியது. மிஞ்சிய நாற்றைக் கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிடி கொடுத்தான். கேட்காதவர் யாருமில்லை.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. காய்ப்பு வந்தபோது ஊர் முழுக்கக் கத்தரிக்காய். கிடங்கில் கத்தரி, கிடங்கு வாசலில் கத்தரி. வதக்கினார்கள், சுட்டார்கள், அவித்தார்கள், வற்றல் போட்டார்கள். ஆட்டுக்கு வைத்தால் ஆடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை, ஊதா நிறத்தில் எதையும் வரையமாட்டேன் என்று அழுததாகக் கேள்வி.

மார்க்கெட் அண்ணன் வழக்கம்போல லாரியைக் கடைத்தெரு முனையில் நிறுத்தினார். கேரட்டும் பீன்ஸும் தக்காளியும் கண்ணில் படுகிற மாதிரி முன்னால் அடுக்கினார். கூட்டத்தில் கைதட்டியவர்களெல்லாம் பையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வந்தார்கள். ஒருநாள் நர்சம்மாவே வந்தார்.

"கேரட் கொஞ்சம் வேணும். நோயாளிங்களுக்குத்தான்" என்றார்.

"ஆமாமா, நோயாளிங்களுக்குத்தான்" என்று அவரும் பவ்வியமாகத் தலையாட்டி, கூட இரண்டு போட்டுக் கொடுத்தார். இந்தக் கதையை அன்று டீக்கடையில் இரண்டு தடவை சொன்னார்.

ஆனால் வீட்டில் கதை வேறு. கொண்டுவந்த காயில் ஒன்றைக்கூட அவர் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அவள் கேட்கட்டும் என்று இருந்தார். அவள் கேட்கவில்லை. எனவே, லாரி நிறைய விதவிதமான காய் வைத்திருந்த மனிதர் காலையும் மாலையும் கத்தரிக்காயே சாப்பிட்டார். அவள் தட்டில் வைப்பாள், அவர் சாப்பிடுவார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், உப்பு சரியா என்றுகூடக் கேட்காமல், மென்றுகொண்டிருப்பார்கள்.

ஒரு சாயங்காலம் லாரியைக் கழுவிவிட்டுத் திரும்பும்போது கிடங்கின் பின்புறம் அவளைப் பார்த்தார். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். அழுகிய கத்தரிக்காயைக் கூடை கூடையாகத் தனியாக இழுத்து வந்து குழியில் கொட்டிக்கொண்டிருந்தாள். கடைசிக் கூடையைக் கவிழ்த்துவிட்டுக் குனிந்து பார்த்தபடி நின்றாள். குழிக்குள் கையை விட்டு ஒரு காயை எடுத்துத் துடைத்தாள். அது நல்ல காய். அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு இன்னொன்றைத் தேடினாள்.

ஜெயித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆற்றங்கரைப் பள்ளத்தில் தன் கையால் கொட்டிய தக்காளிதான் ஞாபகம் வந்தது. லாரியை நிறுத்திவிட்டு இறங்கிப்போய், காலிக் கூடைகளை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். அவள் திரும்பிப் பார்த்தாள். சிரித்துவிட்டுப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தவள் போல உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் குழிக்குள் இறங்கித் தானும் தேட ஆரம்பித்தார்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் சொன்னார்.

"நான் கொண்டுவர்ற கேரட் எங்க விளையுது தெரியுமா?"

"எங்க?"

"மேல, மலைக்கிராமத்துல. நம்ம ரோட்டுல பாதி வழியில இடது பக்கம் ஒரு ஏத்தம் போகுதே, அங்க. கேரட்டு, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு எல்லாம் அங்கிருந்து இறங்கி, நம்ம ஊர்ப் பக்கம் திரும்பாம நேரா சந்தைக்குப் போகுது. நான் சந்தைக்குப் போய் அதை வாங்கி, வந்த வழியே திரும்பக் கொண்டுவர்றேன். செம்மண் ஒட்டியிருக்கும். பாத்ததும் தெரியும்."

அவள் நின்றுவிட்டாள். "அவங்களுக்குக் கத்தரிக்காய்?"

"குளிர்ல அங்க வராது. அதுவும் சந்தையிலேர்ந்துதான் மேல ஏறுது."

"இது எப்பத்திலேர்ந்து உங்களுக்குத் தெரியும்?"

"லாரி ஓட்ட ஆரம்பிச்சதிலேர்ந்து."

அவளுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். அவளோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வெகுநாள் கழித்து அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். அவருக்கே, இத்தனை வருஷம் இது ஒரு கூத்து என்று ஏன் தோன்றவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது. பாதை பழகிவிட்டால் யார்தான் கேட்கிறார்கள்.

அடுத்த நாள் சந்தைக்குப் போகவில்லை. பறித்த சூட்டோடு கத்தரியையும் கொஞ்சம் கீரையையும் ஏற்றிக்கொண்டு இடது பக்க ஏற்றத்தில் திரும்பினார். மேலே, தகரக் கொட்டகை ஒன்றில் ஊர் விளைச்சலை எடைபோட்டு அனுப்புகிற அம்மாவை எல்லோரும் தராசு அக்கா என்று கூப்பிட்டார்கள். தராசு அக்கா காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயில் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"காய் நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னிக்கு வருவீங்க, மழை பெஞ்சா வரமாட்டீங்க. சந்தை லாரி மழையிலயும் வருது. உங்களை நம்பி அவனை விட்டுட்டு நாங்க தலையில துண்டைப் போட்டுக்கவா?"

"எல்லாத்தையும் எனக்குக் குடுக்க வேண்டாம்க்கா. எங்க ஊருக்கு வேண்டியதை மட்டும் குடுங்க. சொன்ன நாள்ல வருவேன்."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க" என்றார் தராசு அக்கா. இருந்தாலும் கொஞ்சம் கேரட்டும் கோசும் ஏற்றச் சொன்னார்.

வாரத்தில் இரண்டு நாள் என்று பேச்சு. சில வாரங்கள் நன்றாகவே நடந்தது. மேலே இருப்பவர்கள் பூசணியும் பச்சை மிளகாயும் கேட்டார்கள். மனைவியின் தம்பி, "அதெல்லாம் என் பொறுப்பு மாமா" என்று வழக்கம்போலத் தலையாட்டினான். இதற்குள் ஆலை ஏஜெண்ட் வந்து போயிருந்தார். வயல் ஓரத்தில் இருப்பதைப் பிடுங்கிவிட்டு முழுக்கச் சோளம் போடுபவர்களிடம்தான் இனிக் கொள்முதல் என்று சொல்லியிருக்கிறார். மேலே போக வேண்டிய காலையில் மார்க்கெட் அண்ணன் கிடங்குக்குப் போனால், தரை சுத்தமாகத் துடைத்த மாதிரி இருந்தது. தம்பி ஆளைக் காணோம். பூசணிக்கொடி பிடுங்கிய வரப்போரத்தில் காய்ந்து கிடந்தது. இன்னும் பலர் அப்படியே செய்திருந்தார்கள்.

மனைவி கிடங்கு வாசலில் உட்கார்ந்திருந்தாள். "இன்னிக்குப் போகாதீங்க. போன்ல ஏதாவது சொல்லிக்கலாம்" என்றாள்.

"வர்றேன்னு நான்தானே சொன்னேன்" என்று லாரியில் ஏறினார்.

காலி லாரி ஏற்றத்தில் தடதடவென்று ஆடியது. பாரம் இருந்தால் இந்தச் சத்தம் வராது. வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துப் பார்த்தார். பொய் எதுவும் சரியாகப் பொருந்தவில்லை. கொட்டகையில் காத்திருந்த பெண்கள் லாரியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"காலியாத்தான் வந்திருக்கேன்க்கா" என்றார். "எங்க ஆளுங்க பின்வாங்கிட்டாங்க. எப்ப சரியாகும்னு எனக்கே தெரியல. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். நீங்க எடுத்து வச்சதைச் சந்தை லாரிக்கே குடுத்துடுங்க."

தராசு அக்கா இடுப்பில் கை வைத்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் ஏறி வந்தீங்க?"

"வேற எதுக்கு?"

"டீயைக் குடிங்க முதல்ல" என்றார். குடித்து முடிப்பதற்குள் உருளைக்கிழங்கு மூட்டைகளை லாரியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அவர் பதறி எழுந்தார். "அட, சும்மா இருங்க. வராம இருந்திருந்தா குடுத்திருக்க மாட்டேன். உங்க ஊர் திருந்தினதும் திருப்பிக் குடுங்க."

கீழே இறங்கியதும் லாரியை நேராக மச்சினன் வீட்டு வாசலில் நிறுத்தினார். உள்ளே இருந்தவனுக்கு ஒளிய இடமில்லை.

"வாங்க மாமா, டீ சாப்பிடுங்க."

"உன் பூசணிக்குக் காத்திட்டிருந்தவங்க குடுத்தாங்க, குடிச்சுட்டேன் மாப்ள. இன்னிக்கு அங்க தலை குனிஞ்சு நின்னவன் நான்."

அவன் எடுத்த டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு, எப்போதும் தலையாட்டுகிறவன் முதல்முறையாக நிமிர்ந்து பேசினான். "எனக்கு மட்டும் ஆசையா மாமா? சோளம்னா ஆலை வண்டி வயலுக்கே வந்து ஒரே நாள்ல அள்ளிட்டுப் போயிடுது. பூசணின்னா ஒவ்வொண்ணா தூக்கிட்டு வந்து கிடங்குல வச்சிட்டு, எடுத்துக்குவாங்களா மாட்டாங்களான்னு அக்கா முகத்தைப் பாத்துட்டு நிக்கணும். அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் கடைத்தெரு முனையில் நின்று, ஊர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தானே அவர். திட்டலாம் என்று தேக்கிவைத்திருந்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. வாசல்படியில் உட்கார்ந்தார்.

"இனி நீ தூக்கிட்டு வர வேண்டாம். நான் வயலுக்கு வர்றேன். யாருக்கு என்ன வேணும்னு முன்னாலயே கேட்டுட்டு வர்றேன். அதை மட்டும் போடு. போட்டதை நான் எடுக்காம போகமாட்டேன். ஆலைக்குச் சோளமும் போட்டுக்கோ. வேண்டாம்னு யாரு சொன்னா? ஆனா வாய்க்காலோரம் இருக்குற அந்தத் துண்டு நிலத்தை மட்டும் விடாதே. அதுக்கு ஏஜெண்ட் என்ன சொன்னாலும் நான் வந்து பேசுறேன்."

ஏஜெண்டிடம் ஊரே சேர்ந்து போய்ப் பேசியது. அவர் ஒன்றும் இறங்கி வந்துவிடவில்லை. சிலருடைய சோளத்தை எடுக்க மறுத்தார். அவர்களில் இரண்டு பேர் ஊர்மேல் கோபித்துக்கொண்டு முழுச் சோளத்துக்கே திரும்பிவிட்டார்கள். இன்றைக்கும் அவர்கள் கிடங்குப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. மற்றவர்கள் மறுபடியும் பள்ளிக்கூடத்தில் கூடினார்கள். யார் எதை விதைப்பது என்று அன்று நடந்த சண்டையில் பெஞ்சு ஒன்று உடைந்தது. வெண்டைக்காய் போடுவது நீயா நானா என்று இரண்டு பங்காளிகள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார்கள். மார்க்கெட் அண்ணன் எழுந்து, "கத்தரிக்கு மட்டும் யாரும் கை தூக்காதீங்க" என்றபோதுதான் சிரிப்பு வந்து கூட்டம் வழிக்கு வந்தது.

இப்போது ஊரைச் சுற்றி இன்னமும் மக்காச்சோளம்தான் அதிகம். ஆனால் வாய்க்காலோரமும் வீட்டோரமும் வேறு வேறு பச்சைகள் தெரிகின்றன. சுகாதார நிலையத்துக்குப் போகிற கீரையைக் காலையில் பறித்துக் கொடுப்பது மளிகைக்கடைக்காரரின் வேலை. வெங்காயத்துக்கும் இங்கே வராத சில காய்களுக்கும் வாரம் ஒருமுறை லாரி நகரத்துக்குப் போகிறது.

அந்த ஒருமுறை அவருக்கு மனசு கனத்துப்போகும். சந்தையில் அவருக்கு மூட்டை ஏற்றுகிற சுமைக்காரர் முதல் தடவையே ஓடிவந்து, "என்ன அண்ணே, ஆளையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஊர்க்கதையைச் சொன்னால், "இனி உனக்கு என்கிட்ட வேலை குறைவு" என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "கொஞ்சம் அலைச்சலைக் குறைச்சுக்கிட்டேன்" என்று மட்டும் சொன்னார். திரும்புகிற வழியெல்லாம் அந்த மனிதரின் தோளும், அதில் போட்டிருந்த சாக்குத் துணியும் கண்ணுக்குள்ளேயே நின்றன. இதை அன்றிரவு சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னார். அவள் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

போன வாரம், "நானும் மலைக்கு வர்றேன், அந்த அக்காவை நேர்ல பாக்கணும்" என்று அவள் லாரியில் ஏறி உட்கார்ந்தாள். வளைவுக்கு வளைவு, "மெதுவா, மெதுவா" என்று அவள் சொல்ல, "யாரு லாரி ஓட்டறது, நீயா நானா?" என்று அவர் கேட்க, மேலே போய்ச் சேர்ந்தார்கள். தராசு அக்காவும் அவளும் கையைப் பிடித்துக்கொண்டவர்கள், விடவில்லை. விதை பற்றிப் பேசினார்கள், எறும்பு பற்றிப் பேசினார்கள், அடுத்த பட்டத்துக்கு என்ன விதைப்பது என்று பேசினார்கள். பேச்சு முற்றி, பூசணி எப்போது அனுப்புவது என்பதில் இருவருக்கும் வாக்குவாதமே வந்துவிட்டது. அவர் நடுவில் புகுந்து ஒரு யோசனை சொன்னார். இருவரும் ஒரே குரலில், "நீங்க கொஞ்சம் இருங்க" என்றார்கள்.

அவர் இருந்தார். கொட்டகைக்கு வெளியே இளவெயில் அடித்துக்கொண்டிருந்தது. லாரி நிழலை விட்டுத் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். உள்ளே சத்தம் குறைகிறபாடாக இல்லை. பேசி முடித்ததும் எப்படியும் ஏற்றுவதற்குக் கூப்பிடுவார்கள் என்று, சட்டைக் கையை மட்டும் மடித்து வைத்துக்கொண்டார்.